மாதச் சவாலில் நேரம் இருப்பவர் மட்டும் ஜெயிக்க வேண்டாம்: நம் இணையச் சதுரங்கக் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

மாதச் சவாலை மாற்றி அமைக்கப் போவதாகவும், யோசனை இருந்தால் சொல்லலாம் என்றும் அறிவித்திருந்தீர்கள். உங்களுக்கு மட்டும் தனியாக எழுதினால் விஷயம் உங்களோடு நின்றுவிடும். உறுப்பினர்கள் எல்லோரும் படித்து, சரி என்றோ தப்பு என்றோ சொல்ல வேண்டிய விஷயம் இது என்பதால் பொதுவில் எழுதுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சொந்த நேரத்தைப் போட்டு இந்தக் குழுவை நீங்கள் நடத்துவது எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

இப்போதைய விதி எளிமையானது. தினமும் இந்திய நேரம் இரவு 8 மணிக்கு லிச்செஸ் என்ற இலவசச் சதுரங்கத் தளத்தில் 90 நிமிட அரீனா, அதாவது அந்த நேரத்துக்குள் முடிந்த அளவு ஆட்டம் ஆடிப் புள்ளி சேர்க்கும் போட்டி. ஆட்டம் 3+0: ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்குக் கூடுதல் நொடி இல்லை. மாதம் முழுக்க எடுத்த புள்ளிகளைக் கூட்டி யார் முதலோ அவர் வெற்றியாளர். எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே கடிகாரம் என்பதால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் பத்தாம் தேதிக்குள் முதல் மூன்று இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது? ஏன் பதினைந்தாம் தேதிக்குப் பிறகு பாதிப் பேர் பட்டியலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை?

அரீனாவின் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஜெயித்தால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்பு பற்றிக்கொள்ளும். அதன்பிறகு தொடர் அறுகிற வரை ஒவ்வொரு வெற்றிக்கும் 4. பெர்சர்க் பொத்தானை அழுத்தி, தன் நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்து ஜெயித்தால் கூடுதலாக 1. ஆக, அதே ஒரு வெற்றிக்கு ஒருவருக்கு 2 கிடைக்கிறது, இன்னொருவருக்கு 5. ஒரு மாலைப் பொழுதுக்கு இது அருமையான ஏற்பாடு. கடைசி ஐந்து நிமிடத்தில்கூட இடம் மாறும். எனக்கு அரீனா மிகவும் பிடிக்கும்.

ஆனால் அதை முப்பது நாள் கூட்டினால் அது வேறொன்றை அளக்கத் தொடங்குகிறது. 3+0 ஆட்டம் அதிகபட்சம் ஆறு நிமிடம் ஓடும். தன் நேரம் முழுவதையும் யோசித்து ஆடுகிறவருக்கு ஒரு மாலையில் பதினைந்து ஆட்டம் கிடைப்பதே அதிகம். பெர்சர்க் போட்டு இரண்டு நிமிடத்தில் முடிப்பவருக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். மேலே இருப்பவருக்குத் தன்னைவிட, ஆட்ட வலிமையைக் காட்டும் ரேட்டிங் எண்ணில் 400 புள்ளி குறைந்த எதிராளிகள் வரிசையாகக் கிடைக்கும்போது நெருப்பு அணைவதே இல்லை. இதன் மேல், தினமும் வர முடிகிறவர், வாரம் இரண்டு நாள் வர முடிகிறவர் என்ற வித்தியாசமும் ஏறுகிறது. வாரம் இரண்டு நாள் மட்டும் வருபவர், வந்த ஒவ்வொரு நாளும் முதல் இடம் பிடித்தாலும் மாதப் பட்டியலில் நடுவில்தான் நிற்பார். அங்கே அளக்கப்படுவது அவர் ஆட்டம் இல்லை, அவருடைய ஓய்வு நேரம்.

நம் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரவு ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர் இருக்கிறார். மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்க வைப்பதற்காகத் தாங்களும் போனை ஓரம் வைத்துவிடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரவு 8 மணி என்பது சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பத்தரை. சிட்னியில் அங்கே குளிர்காலமானால் நள்ளிரவு தாண்டி அரை மணி. டொராண்டோவில் கோடைக்காலமானால் காலை பத்தரை, அலுவலகத்தில் மீட்டிங் நடக்கும் நேரம். இவர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. சத்தமில்லாமல் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நேரப் பிரச்சினை நமக்கு மட்டும் உள்ளதல்ல. செஸ்.காம் நடத்தும் டைட்டில்ட் டியூஸ்டே, கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டம் பெற்ற ஆட்டக்காரர்களுக்கான வாரப் போட்டி. 2022இல் அதை ஒரே நாளில் இரண்டு வேளையாகப் பிரித்தார்கள். பிந்திய வேளை இந்தியாவில் அதிகாலை இரண்டரை, மூன்றரை மணிக்கு விழுந்தது. சதுரங்கத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே ஒரே வேளை போதவில்லை என்றால், மறுநாள் காலை பஸ் பிடிக்க வேண்டிய நமக்கு எப்படிப் போதும்? நம் போட்டியை ஞாயிறு இந்திய நேரம் மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டால் டொராண்டோவில் கோடையில் காலை எட்டரை, லண்டனில் மதியம் ஒன்றரை, சிங்கப்பூரில் இரவு எட்டரை, சிட்னியில் பத்தரை. ஓரளவு எல்லோரும் மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் உட்காரலாம். ஞாயிறும் வேலை இருப்பவர்களுக்காக சனிக்கிழமை காலை ஏழரைக்கு இன்னொன்று. லண்டனுக்கு அது ஆகாது. ஆனால் அவர்களுக்கு ஞாயிறு இருக்கிறது.

இப்படி வாரத்துக்கு இரண்டு வைத்து, மாதத்தில் ஒருவர் ஆடியவற்றில் சிறந்த மூன்றை மட்டும் கணக்கில் எடுங்கள். எத்தனை வேண்டுமானாலும் ஆடட்டும், எண்ணுவது மூன்றுதான். ஒரு நாள் மின்சாரம் போனாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் மாதம் வீணாகாது.

இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 1990 வரை இப்படித்தான் சிறந்த முடிவுகளை மட்டும் எண்ணினார்கள். 1988இல் 16 பந்தயம். அவற்றில் சிறந்த 11 மட்டுமே கணக்கு. மொத்தமாகக் கூட்டினால் அலான் புரோஸ்ட் 105, அயர்ட்டன் சென்னா 94. விதிப்படி எண்ணியபோது சென்னா 90, புரோஸ்ட் 87. சென்னா உலக சாம்பியன். சென்னா எட்டுப் பந்தயம் ஜெயித்திருந்தார், புரோஸ்ட் ஏழு. யாருக்கு நியாயம் என்று இன்றும் வாதம் செய்யலாம். இதில் நமக்குப் பாடம், விதி பந்தயத் தொடருக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான். போன ஆண்டு நாம் மாதத்தின் நடுவில் பெர்சர்க் புள்ளியை எடுத்துவிட்டோமே, அதை இன்னொரு முறை செய்யாதீர்கள். காரணம் சரியாகவே இருந்தாலும், அது யாரோ ஒருவரைக் குறிவைத்துச் செய்ததாகவே தோன்றும். தோன்றவும் செய்தது.

அடுத்து ரேட்டிங் பிரிவுகள். 1500க்குக் கீழ், 1500க்கு மேல் என்று வட்டமான எண்ணில் பிரிக்கும் யோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. லிச்செஸில் புதிதாக வரும் எல்லோரும் 1500இல்தான் தொடங்குகிறார்கள். அதனால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் பலம் இன்னதென்று தெரியாத புதியவர்கள் குவிந்திருப்பார்கள். அதைவிட, நம் உறுப்பினர்களை ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, எண்ணிக்கையில் நான்கு சம பங்காகப் பிரியுங்கள். எல்லை 1320, 1610 என்று அழகில்லாத எண்ணாக வரலாம். வரட்டும். ஒவ்வொரு பிரிவிலும் சம அளவு ஆள் இருப்பார்கள், அங்கே உண்மையான போட்டி இருக்கும். ரேட்டிங்குக்குப் பக்கத்தில் கேள்விக்குறி உள்ளவர்கள், அதாவது இன்னும் நிலைப்படாதவர்கள், முதல் மாதம் சவாலில் கலந்துகொள்ளலாம், பிரிவுப் பரிசு மட்டும் இல்லை என்று வைத்துவிடலாம்.

வேண்டுமென்றே தோற்று, ரேட்டிங்கை இறக்கி, கீழ்ப்பிரிவில் வந்து உட்காரும் வேலையும் நடக்கும். ரேட்டிங்குக்கு உச்சவரம்பு வைத்த லிச்செஸ் போட்டிகளில் ஒருவரின் இப்போதைய ரேட்டிங்கோடு, கடந்த ஒரு வாரத்தில் அவர் தொட்ட உயர்ந்த எண்ணையும் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. மாதப் போட்டிக்கு ஒரு வாரம் போதாது. கடந்த மூன்று மாதத்தில் எட்டிய உச்சத்தை எடுத்து, முதல் தேதியன்று பிரிவைப் பூட்டிவிடுங்கள். நடுவில் ஏறினாலும் இறங்கினாலும் அந்த மாதம் முழுக்க அதே பிரிவு.

‘அதிக முன்னேற்றம் கண்டவர்’ என்று ரேட்டிங் ஏற்றத்துக்குப் பரிசு தரலாம் என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தயவுசெய்து வேண்டாம். லிச்செஸ் பயன்படுத்தும் கிளிக்கோ-2 முறையில், ஒருவரைப் பற்றி அமைப்புக்கு எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாக எண் ஆடும். புதுக் கணக்கு முதல் சில ஆட்டத்திலேயே நூற்றுக்கணக்கில் மேலே போகும்; வருடக்கணக்காக ஆடுகிறவர் தனக்குச் சமமானவரை ஜெயித்தால் ஐந்தாறு புள்ளிதான் ஏறும். உழைத்து 1450இலிருந்து 1520க்கு வந்தவரைத் தாண்டி, நேற்றுக் கணக்குத் தொடங்கியவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார். மாதக் கடைசியில் வேண்டுமென்றே இறங்கி, அடுத்த மாதம் ஏறுகிற வழியும் திறந்துவிடும்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். புள்ளிப் பட்டியலைத் தவிர, செய்து முடித்தால் டிக் விழும் சவால்களும் வைக்கிறோம் இல்லையா, அதைப் பற்றியது. ‘சிப்பாயை ராணியாக்காமல் குதிரையாக மாற்றி, அதை வைத்துச் செக்மேட் கொடுங்கள்’ என்ற சவால் வைத்தோமே, அந்த மாதம். யோசனை அழகானது. நடந்தது வேறு. ஓர் ஆட்டத்தை நான் பார்வையாளராக இருந்து பார்த்தேன். வெள்ளைக்கு ராணி, யானை, மூன்று சிப்பாய். கறுப்புக்குத் தனி ராஜா. இரண்டு நகர்த்தலில் மேட் இருக்கிறது. வெள்ளை மேட் வைக்கவில்லை. ஒரு சிப்பாயை மெல்ல நகர்த்தி எட்டாம் வரிசைக்குக் கொண்டுபோய்க் குதிரையாக்கினார். அப்புறம் இன்னொன்று. கறுப்பு ராஜாவை மூலைக்குத் தள்ளுவதும், ஸ்டேல்மேட் (செக் இல்லாமலேயே நகர வழியின்றி ஆட்டம் டிரா) ஆகிவிடுமோ என்று வெளியே விடுவதும், திரும்பத் தள்ளுவதுமாக ஓடியது. கறுப்பில் ஆடியது பள்ளிக்கூடப் பையன். தோல்வியை ஒப்புக்கொள்ளாதே, கடைசி வரை ஆடு, ஸ்டேல்மேட் கிடைக்கலாம் என்று பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அவனும் அப்படியே உட்கார்ந்திருந்தான். தன் ராஜாவைக் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு, முன்பே முடிந்துபோன ஆட்டத்தில், எதிராளியின் சவால் பட்டியலில் ஒரு டிக் விழுவதற்காக.

வெள்ளையில் ஆடியவர் எந்த விதியையும் மீறவில்லை. அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். நாம் கேட்டதை அவர் செய்தார். அதனால்தான் சொல்கிறேன்: எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஆட்டத்தைக் கெடுக்கிற சவால் எதுவும் நமக்கு வேண்டாம். எதிராளி ஒத்துழைத்தால் மட்டுமே முடிகிற சவாலும் வேண்டாம். அந்த மாதம் இரண்டு நண்பர்கள் பேசி வைத்து ஆடி டிக் வாங்கினார்கள் என்று பேச்சு எழுந்தது நினைவிருக்கும். உண்மையோ பொய்யோ, பேசி வைத்து ஆடினால் எளிது என்கிற மாதிரி சவாலை வைத்தது நாம்தான்.

தனியாகச் செய்து முடிக்கக்கூடியவற்றை வையுங்கள். இதற்கு லிச்செஸிலேயே எவ்வளவோ கிடக்கிறது, அதுவும் இலவசமாக. பயிற்சிப் பகுதியில் யானை எண்ட்கேம், அதாவது யானையும் சிப்பாயும் மிஞ்சிய கடைசிக் கட்ட ஆட்டம், இருக்கிறது. அதன் அடிப்படை நிலைகள் இரண்டு: லூசினா நிலையில் சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கரையேற்றுவது, பிலிடோர் நிலையில் டிரா பிடித்து நிற்பது. இரண்டையும் கணினியை எதிர்த்து ஒவ்வொருவரும் தானே செய்து பார்க்கலாம். 1100 ரேட்டிங் உள்ளவருக்கு ஒரு வாரம் ஆகும். 2000 உள்ளவருக்கு ஒரு காபி ஆறுவதற்குள் முடியும். ஆனால் இருவரும் செய்தது ஒரே வேலை, இருவருக்கும் ஒரே பதக்கம். பஸில் ஸ்டார்ம் இருக்கிறது, மூன்று நிமிடத்தில் தொடங்கும் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை புதிர் என்று. அதில் ஊரோடு போட்டி வேண்டாம், போன மாதம் தான் எடுத்த சிறந்த எண்ணைத் தாண்டினால் போதும் என்று வைக்கலாம். தான் தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்து, எங்கே கவிழ்ந்தோம் என்று தமிழில் குறிப்பெழுதிக் குழுவில் பகிர்வதையும் ஒரு சவாலாக வைக்கலாம். எனக்குக் கேட்டால் மாதத்தின் மிக மதிப்பான டிக் அதுதான்.

வல்லவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் சலிப்பு வரக்கூடாது. மாதம் ஒன்று, உண்மையிலேயே கடினமானது, குழுவில் நான்கு பேர் முடித்தாலே பெரிது என்கிற மாதிரி இருக்கட்டும். அதை முடிக்காவிட்டாலும் மாதப் பதக்கம் கிடைக்கும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு மாதம் செஸ் 960 வையுங்கள். பாபி ஃபிஷர் 1996இல் அறிவித்த ஆட்டம். பின்வரிசைக் காய்கள் 960 விதமாக மாறி நிற்கும். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி ஓப்பனிங் மனப்பாடம் செய்தவரும், சொந்தமாகக் கற்றவரும் முதல் நகர்த்தலிலிருந்தே யோசிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: லிச்செஸில் 960க்குத் தனி ரேட்டிங்; நம்மில் பலருக்கு அது இன்னும் 1500லேயே நிற்கும். ஆகவே அந்த மாதமும் பிரிவைச் சாதாரண பிளிட்ஸ் (வேக ஆட்டம்) ரேட்டிங்கை வைத்தே பிரிக்க வேண்டும்.

3+0 என்பதைக் கைவிடச் சொல்லவில்லை, எப்போதும் அதுவே வேண்டாம் என்கிறேன். பழைய போனில், ஊர்ப்புற நெட்டில் ஆடுகிறவருக்குக் கடைசிப் பத்து நொடி என்பது சதுரங்கமே இல்லை. நெட் தாமதத்தை லிச்செஸ் ஓரளவு ஈடு செய்கிறது, ஓரளவுதான். 5+3, 10+5 என்று, அதாவது நகர்த்தலுக்கு மூன்று அல்லது ஐந்து நொடி கூடுகிற மாதிரி வைத்தால் வயதானவர்களும் திரும்பி வருவார்கள். அரீனாவோடு, குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுற்றுகளில் ஒத்த புள்ளி உள்ளவர்களை மோதவிடும் சுவிஸ் முறையையும் மாற்றி மாற்றி வைத்தால் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்று.

நெட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். 2020இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே முதல்முறையாக இணையத்தில் நடத்திய ஒலிம்பியாட் இறுதிப் போட்டி நினைவிருக்கிறதா? ஆகஸ்ட் 30, இந்தியாவும் ரஷ்யாவும். இரண்டாவது சுற்றில் நிஹல் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டது. கடைசியில் ஃபிடே தலைவரே தலையிட்டு இரு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தார். அந்த மேடையிலேயே முடிவெடுக்கத் தலைவர் வரை போக வேண்டியிருந்தது. நம்மிடம் அப்படித் தங்கத்தைப் பங்கு போட முடியாது. நெட் போனால் ஆட்டம் போனதுதான், ஆனால் சிறந்த மூன்றுதான் கணக்கு, இன்னொரு நாள் இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் சண்டை இல்லை.

எஞ்சின், அதாவது சதுரங்கக் கணினி நிரல், வைத்து ஆடுகிறார்கள் என்ற சந்தேகம் பற்றி: குழுவில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லிக் கேட்பதை உடனே நிறுத்துங்கள். நம்மிடையே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நல்ல நாளில் நன்றாக ஆடியதற்காக ஒரு குழந்தை இருநூறு பெரியவர்கள் முன் பதில் சொல்ல வேண்டி வந்தால், அது செஸ்ஸையே விட்டுவிடும். சந்தேகம் இருந்தால் தளத்துக்குப் புகார் கொடுங்கள். கண்டுபிடிக்க அவர்களிடம் கருவியும் ஆளும் உண்டு, ஏமாற்றியவரிடம் தோற்றவர்களுக்கு ரேட்டிங் புள்ளியைத் திருப்பியும் தருகிறார்கள். மாத முடிவை ஒரு வாரம் தள்ளி அறிவித்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

பரிசு விஷயத்தில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து வெற்றியாளருக்குக் கொடுக்கலாம் என்ற யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம். பணம் வந்த அன்றே சந்தேகமும் வந்துவிடும். பிரிவு வெற்றியாளர் நால்வரும் சேர்ந்து அடுத்த மாதத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கட்டும். குழுவின் வலுவான ஆட்டக்காரர் ஒருவர், சவாலை முடித்தவர்களில் குலுக்கலில் வந்தவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவருடைய ஆட்டங்களைப் பார்த்துக் கொடுக்கட்டும். 1200இல் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கிறது?

இதையெல்லாம் ஒரே மாதத்தில் செய்ய முடியாது என்று தெரியும். அடுத்த மாதம் யானை எண்ட்கேமை மட்டும் எடுத்துக்கொள்வோம். லூசினா, பிலிடோர் இரண்டுக்கும் தமிழில் விளக்கம் எழுதி லிச்செஸில் ஸ்டடியாக, அதாவது பலகையோடு கூடிய பாடமாக, போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிறு 6 மணி சுவிஸ் போட்டியையும் நடத்தித் தருகிறேன். விதிகள் 25ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு முன் நான்கு பிரிவிலிருந்தும் ஒருவர் வீதம் சவால்களைச் செய்து பார்த்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்ல வேண்டும். மேல் மூன்று பிரிவில் ஆள் கிடைத்துவிட்டார்கள். கடைசிப் பிரிவில் இருப்பவர்கள்தான் கூச்சப்பட்டு முன்வருவதில்லை. உங்களில் யாராவது அவர்களை நேரடியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நிர்வாகி கேட்டால் வருவார்கள்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்